நூற்றிருபது மில்லி

"இதென்ன பாலா, சாக்கு ஊறவச்ச தண்ணியா?"

கலோலைனி புட்டியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

ஃபிஃபிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய? கணவனின் அக்கா. டோங்கா தீவுக் குடும்பத்தில் பிள்ளைக்கு அத்தை வைத்ததுதான் சட்டம். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் அதில் மாற்றமில்லை.

"டாக்டர் எழுதிக் கொடுத்த பால்மாவு, அண்ணி. சாதாரண மாவு கொடுத்தப்ப இவனுக்கு ரத்தமா போச்சே, மறந்துட்டீங்களா?"

"மறக்கலைடி. புள்ள குச்சியா இருக்கானே! பாக்கறவ எல்லாம் என்னையில்ல கேக்கறா!"

நாலு மாதக் குழந்தை பெனிசோனி ஒரு வேளைக்கு நூற்றிருபது மில்லி குடிப்பான். அதற்குமேல் ஒரு சொட்டு இறங்காது. உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அங்கே வரும் பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"பாவம், எலும்பு எண்ணலாம் போல இருக்கு. இந்த டப்பாவைக் கொடு. எங்க வீட்டுப் பொண்ணு இதைத்தான் குடிக்கறா. பூசணிக்கா கணக்கா இருக்கா!"

ஃபிஃபிதா "வேண்டாங்க" என்று வாயெடுப்பதற்குள் கலோலைனி பாய்ந்து வாங்கிக்கொள்வாள்.

"கொடுங்க, கொடுங்க! இனிமே நானே ஊட்டறேன். வேற யாரும் புட்டியில கை வைக்கக் கூடாது!"

இப்படியே ஏழெட்டு ஞாயிறு.

"உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள் கணவனிடம்.

"யாரு, நானா?" என்ற செமிசி, கார் கழுவ வேண்டிய வேலையை அப்போதுதான் நினைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வாரத்தில் மூன்று நாள் ஃபிஃபிதா வேலைக்குப் போக வேண்டும். அந்த நாட்களில் பிள்ளை அத்தையிடம்தான்.

திங்கட்கிழமை சோப்பு எடுக்கக் குனிந்தவள், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் டப்பாக்களைப் பார்த்தாள். எல்லாம் சாதாரணப் பால்மாவு. ஐந்து காலி. ஆறாவதில் பாதி.

அண்ணி இதையெல்லாம் பிள்ளைக்கா ஊட்டியிருக்கிறாள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடினாள்.

நர்ஸ் எடை போட்டாள். பழைய எடைகளோடு ஒப்பிட்டாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"அருமையா வளர்றான். எதுக்கும்மா அழறீங்க?"

"குடிக்கவே மாட்டேங்கறானே, சிஸ்டர்?"

"இந்த மாவுல புரதத்தை முன்னாடியே உடைச்சு வச்சிருக்கு. சீக்கிரமே வயிறு நிறைஞ்சிடும், புள்ள தானா நிறுத்திக்கும். சாதாரண மாவுன்னா இன்னும் கொஞ்சம் இழுத்துக் குடிப்பாங்க, சீக்கிரம் குண்டாவாங்க. இவன் எடை ஏறற வேகம் சரியா இருக்கு."

"யாராச்சும் சாதாரண மாவைக் கலந்து கொடுத்திருந்தா?"

"இவனுக்கா? மறுபடியும் ரத்தம் போயிருக்குமே! அப்படி ஒண்ணும் தெரியலையே."

வீட்டுக்கு வந்த ஃபிஃபிதா அரை டப்பாவை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள். கலோலைனி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு டப்பா, அண்ணி! யாருக்குக் கொடுத்தீங்க? சொல்லுங்க!"

அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. உள்ளே வரப் போன செமிசி வாசலிலேயே நின்றுவிட்டான்.

கலோலைனி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"கத்தாதே. திருப்பிக் கொடுத்தா, ஆசையா கொடுத்தவங்க மூஞ்சி என்னத்துக்கு ஆகும்? உன் கையில கொடுத்தா, வர்றவ ஒவ்வொருத்தியும் 'ஒரே ஒரு புட்டி'ன்னு கலக்கி ஊட்டிட்டுப் போவா. நீ வேண்டாம்னா கேப்பாளுங்களா? நான் வாங்கினா எவளும் வாயைத் திறக்கமாட்டா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உன் மூஞ்சியில ரகசியம் ஒரு நிமிஷம் தங்குமா?"

"சரி, அந்த மாவெல்லாம் எங்கே?"

"திங்கற பொருளைக் கொட்டவா முடியும்?" டப்பாவை இழுத்து, டீயில் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினாள் கலோலைனி. "உன் புள்ளையைத்தானேடி எடை போட்டுட்டு வந்தே? என்னைப் போட்டுப் பாரு, ரெண்டு மாசத்துல ஆறு கிலோ!"