நபீஸா வீட்டுத் தண்ணீர்

"குளத்துக்கு மேல்பக்கத் தேக்கங்காட்டை வெட்டத் தொடங்கினதில இருந்து எங்கட கிணத்துத் தண்ணியைப் பாக்கேலாது சேர். தேயிலை போடாமலே தேத்தண்ணி நிறம்!"

நபீஸா சொன்ன விதத்தில் பிரதீபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். மரம் வெட்டுவதால் தண்ணீர் கெடுகிறதா என்று வீடு வீடாகப் பார்த்து எழுத வந்த ஆய்வாளர். பாவம், நல்ல மனிதர். கெட்டிருக்கிறது என்று அவர் எழுதினால், மாரி மழைக்கு முன் மரம் வெட்டுவதை நிறுத்துவார்கள். நபீஸாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"அக்கா, சனம் சேத்தைக் கண்டால் பயப்பிடும். நாங்கள் அளந்து பாத்துத்தான் பயப்பிடுவம்."

"அப்ப அளந்து பாத்துப் பயப்பிடுங்கோவன் சேர்!"

இந்தமுறை இருவருமே சிரித்தார்கள்.

"முதலில கதிரையில இருங்கோ. வெயிலுக்க வந்தனீங்கள்."

விறாந்தையில் இருந்த குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பும் கேட்டு வாங்கிக் குடித்தார். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அவளுக்கு நித்திரை வராது. வாய்ப்பன் பொரிக்கக் குசினிக்குள் ஓடினாள்.

தட்டோடு வெளியே வந்தபோது அவருடைய ஜீப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"மாதிரி எடுத்திட்டன் அக்கா! இன்னும் நாலு ஊர் கிடக்கு, வாறன்!"

பிரதீபன் போத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "பாருங்கோ, கண்ணாடி மாதிரி! வீணாப் பயந்திட்டியள். தேக்கு வெட்டினதால இஞ்ச ஒரு பாதிப்பும் இல்லையெண்டு எழுதிவிடுறன்!"

படலையைத் திறந்து சைக்கிளோடு உள்ளே வந்த அவள் கணவர் நாஸிமை ஜீப் கிளப்பிய புழுதி மூடியது.

"என்ன நபீஸா, மனுசன் கிணத்தடிக்குப் போனவரோ?"

அவள் குடத்தை எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் ஈரமாகக் கிடந்தது, அவர் போத்தலுக்குள் தண்ணீர் வார்த்த புனல்.

"அல்லாஹ்வே! வீட்டில குடிக்கிற தண்ணி எண்டு இதில அள்ளிக்கொண்டு போட்டார்!"

"நீ சொல்லியிருக்கலாமே?"

"வந்த மனுசனுக்கு, இது உங்களுக்கெண்டே கொண்டுவந்தது எண்டு சொல்லிக் காட்டுறதோ?"

விருந்தாளிக்குக் கலங்கல் தண்ணீர் கொடுப்பது மரியாதையில்லை என்று, காலையில்தான் நாஸிம் புதுக்குடியிருப்புக்குச் சைக்கிள் மிதித்துப் போய் அந்தக் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார்.