ஃபிளக்ஸில் மிஞ்சிய விரல்கள்

போன் அடித்தபோது இவன் ஃபிளக்ஸைத்தான் முறைத்துக்கொண்டிருந்தான்.

மாதா கோயில் மைதானத்து வாசலில் காலையில் கட்டியது. ஆக்னல் வாலிபால் வலைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறான். கை பின்னால் வளைந்திருக்கிறது. முகத்துக்கு நேராகப் பந்து. 'எங்கள் மண்ணின் மைந்தன்' என்று சிவப்பில் எழுத்து.

கல்லூரிக் கடைசி வருடம் எடுத்த படம். அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஃபிளக்ஸ் கடைக்காரன் ஒருவனை வெட்டிவிட்டான். விரல்களை மட்டும் வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. பந்துக்குக் கீழே, ஓரத்தில், பத்து விரல்கள் விரிந்திருந்தன.

இவனுடைய விரல்கள்.

காலையிலிருந்து ஒருத்தர்கூட அது யார் கை என்று கேட்கவில்லை.

போனில் ஆக்னல்.

"மக்கா, இன்னைக்கும் சொதப்புனா ஊருக்கு அனுப்பிருவாங்கல. ரெண்டு மேட்ச்சா ஒரு அடி விழல. எல்லாம் வலையிலயே போய் முட்டுது. இங்க பந்து தூக்குறவன் கேக்கான், உங்க ஊர்க்காரன் உனக்கு எப்படித் தூக்குவான்னு. எனக்கு என்ன தெரியும்? நான் குதிப்பேன், பந்து அங்க இருக்கும். நீதான சொல்லணும்."

நான் குதிப்பேன், பந்து அங்க இருக்கும்.

இவன் ஃபிளக்ஸில் இருந்த விரல்களை மறுபடி பார்த்தான்.

ஆக்னல் அவசரக்காரன். எப்போதும் ஒரு கண்ணிமைப்பு முந்திக் குதித்துவிடுவான். பந்து உயரப் போய் இறங்கும்போது அவன் பாதி வழி கீழே வந்திருப்பான். கல்லூரி வாலிபால் அணியில் முதல் வருடம் முழுக்கப் பார்த்துத்தான் இவனுக்கு அது பிடிபட்டது. பயிற்சியாளரிடம் சொல்லவில்லை. ஆக்னலிடமும் சொல்லவில்லை. சொன்னால் காலைப் பற்றி யோசிப்பான். யோசித்தால் குதிக்க மாட்டான்.

பேசாமல் தன் கையை மாற்றிக்கொண்டான். மற்றவர்களுக்குப் பந்தை உயரமாகத் தூக்கினான். ஆக்னலுக்கு மட்டும் தாழ்வாக, சட்டென்று.

ஆக்னல் பறக்கிறான் என்றார்கள். அவனும் நம்பிவிட்டான்.

வாலிபால் லீக் ஏலத்துக்கு இரண்டு பேரும்தான் பெயர் கொடுத்தார்கள். இரண்டு பேரையுமே யாரும் சீண்டவில்லை. ஒரே பைக்கில் திரும்பி வந்தார்கள். வழியில் ஒரே இலையில் புரோட்டா பிய்த்துத் தின்றார்கள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு இவன் நன்றாகவே தூங்கினான்.

பிறகு ஏதோ ஓர் அணியில் எவனுக்கோ கணுக்கால் பிசகியது. ஆக்னலுக்கு அழைப்பு வந்தது. அடிக்கிறவனைத்தான் தேடுவார்கள். தூக்கிக் கொடுக்கிறவனை யார் தேடப்போகிறார்கள்?

இப்போது இரண்டு வார்த்தை போதும். தாழ்வா, சீக்கிரமா.

"எல்லாருக்கும் தூக்குற மாதிரிதாம்ல உனக்கும்," என்றான். "வேற ஒண்ணும் இல்ல."

ஆக்னல் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

"சரில. எனக்காக ஜெபம் பண்ணிக்கோ."

திரும்பி வரட்டும் என்று நினைத்தான் இவன். வந்தால் என்ன குறைந்துவிடும்? மறுபடியும் இதே மைதானத்தில் இரண்டு பேரும் ஆடலாம்.

சாயங்காலம் ஆட்டத்தைக் காட்ட மைதானத்தில் திரை கட்டினார்கள். ஊரே வந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் ஆக்னலின் அம்மா, கையில் செபமாலை. இவன் நாற்காலி வேண்டாம் என்று கடைசியில் நின்றுகொண்டான்.

முதல் செட்டில் ஆக்னல் அடித்ததெல்லாம் வலையில். ஊர் 'ச்சே' என்றது. இவனும் 'ச்சே' என்றான், எல்லாரையும்விடச் சத்தமாக. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆக்னலின் அம்மா இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

இரண்டாவது செட்டில், அந்த அணியில் பந்து தூக்குகிறவன் ஒரு காரியம் செய்தான். பந்தைத் தூக்கிவிட்டு, பந்தைப் பார்க்காமல் ஆக்னலின் காலைப் பார்த்தான்.



பாக்காதல, என்று முணுமுணுத்தான்.

அடுத்த பந்து தாழ்வாக வந்தது. சட்டென்று.

ஆக்னல் அங்கே இருந்தான்.

பந்து எதிர்ப்பக்கத் தரையில் வெடித்தது. ஊர் எழுந்து நின்றது. அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும். இவன் ஒரு வருடம் பார்த்துப் பார்த்துக் கண்டதை, முன்பின் தெரியாத ஒருத்தன் ஒரே செட்டில் எடுத்துக்கொண்டான். தன் வீட்டுச் சாவியை இன்னொருத்தன் சட்டைப்பையில் பார்த்ததுபோல் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஆக்னலிடம் மைக்கை நீட்டினார்கள். வேர்த்து வழியச் சிரித்தான்.

"மத்தியானம் என் கூட்டாளிகிட்ட கேட்டேன். காலேஜ்ல எனக்குப் பந்து தூக்குனவன். அவன் சொன்னத அப்படியே வந்து இங்க சொன்னேன். இன்னைக்கு நான் குதிச்ச இடத்துல பந்து இருந்துச்சு..."

 கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நாற்காலிகள் திரும்பின. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். ஆக்னலின் அம்மா இவனைப் பார்த்துக் கும்பிட்டாள். கிளப் செயலாளர் லூர்து அண்ணன் ஓடிவந்து இவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"அப்படி என்னத்தல சொல்லிக் குடுத்த?"

எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அவருக்குப் பின்னால் வாசலில் ஃபிளக்ஸ் தெரிந்தது. ஓரத்தில் விரல்கள்.

இவன் இரண்டு கைகளையும் நெற்றிக்கு மேலே கொண்டுபோனான். இல்லாத ஒரு பந்தைத் தூக்கிவிட்டான். தாழ்வாக, சட்டென்று.

"இவ்வளவுதாண்ணே," என்றான்.

கைதட்டல் நிற்கவில்லை. கையை எப்போது இறக்குவது என்று இவனுக்குத் தெரியவில்லை.