ரெட்டை முடிச்சு

கிழவர் கழற்றிய முகக்கவசத்தின் காதுக்கயிறுகளைக் கத்தரித்து, கையுறையோடு ஒரு பையில் போட்டு ரெட்டை முடிச்சுப் போட்டார். அப்படியும் நம்பிக்கை வராமல் முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

புதிதாகக் குடிவந்த மாடிவீட்டுக்காரர் சிரித்தார். "உயிர்மேல அவ்வளவு ஆசையா பெரியவரே?"

"ஆமா சார், ஆசைதான். நீங்களும் மாஸ்க்கைச் சும்மா வீசாம கட்டிப் போடுங்க."

"போற குப்பைக்கு எதுக்கு இந்த ஜோடனை?"

விசில் கேட்டது. குப்பை வண்டியிலிருந்து இறங்கிய பெண், மாடிவீட்டு வாளிக்குள் கைவிட்டு ஈர முகக்கவசங்களைத் தனியே பொறுக்கினாள்.

அவள் எட்ட நின்றே கிழவரிடம் கேட்டாள். "மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டாச்சு. நம்ம வீட்டுக்கு எப்பம்மா திரும்பி வருவ?"

"தொற்று குறைஞ்சுட்டு வருதுப்பா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

வண்டி நகர்ந்தது. மாடிவீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார்.

"அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் குடுங்க பெரியவரே."

"தரேன். ஆனா நீங்க போடுற முடிச்சை நான் இழுத்துப் பார்ப்பேன்."