ஆரோனின் பங்கு

வேதத்தில் ஒரு வசனம் இன்னொரு வசனத்தை மறுப்பதே இல்லை. அப்பாவின் வீட்டில் பங்கு கேட்டு வந்திருக்கும் போதகர் இப்படிச் சொல்லிக்கொண்டே, தம்பி காட்டிய வசனத்தை மறுக்க இன்னொன்றைத் தேடுகிறார். மெல்லிய தாள்கள் சரசரக்கின்றன. தம்பி கால்மேல் கால் போட்டு ஆரஞ்சு உரிக்கிறான்.

“ஊழியம் செஞ்ச ஆசாரியன் ஆரோனுக்கு நிலத்துல பங்கு கிடையாதுன்னு எண்ணாகமத்துலயே இருக்கேண்ணே. உங்களுக்குக் கர்த்தரே சொத்து. எனக்கு இந்த ஓட்டை வீடு போதும்.”

“எரேமியாவும் ஆசாரிய வம்சம்தாண்டா. அவர் நிலம் வாங்கலையா?”

“காசு குடுத்து வாங்கினாரு. நீங்களும் வாங்குங்களேன், யார் வேணாம்னா?”

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அடுத்த மாதம் ஓய்வு. சபை கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆரோனைப் பற்றி அவர் செய்த பிரசங்கத்தில் உருகித்தான் அப்பா வீடு முழுவதையும் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.