கறுப்புக் கண்ணாடி

"பல்லு புடுங்க வந்தவனுக்கு விரல்ல எதுக்குய்யா ஊசி?"

வேன்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மேல்வரிசையில் ஒரு பல் ஆட்டம் கண்டு மூன்று நாள். பாதிக் கன்னம் மரத்துக் கிடந்தது, ஒரு பக்க மூக்கும் அடைப்பு. மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும்.

பல் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் பெரியவரோ அசைவதாக இல்லை. அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி வேறு. பெரிய ஹீரோ என்று நினைப்பு!

"சுகர் பார்க்காம யாரையும் உள்ள விடறதில்ல. விரலை நீட்டுங்க."

மெஷின் நானூற்றுப் பத்து காட்டியது.

"மாத்திரை போடறதில்லையா?"

"அதை விட்டு எவ்வளவோ நாளாச்சு. பல்லைப் பாருங்கய்யா!"

பெரியவர் வாய்க்குள் டார்ச் அடித்தார். அண்ணத்தில் கறுப்பாக ஒரு திட்டு.

"டாக்டரம்மா!"

அவர் போட்ட சத்தத்தில் ஓடிவந்து பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இந்தப் பல்லை நான் தொட மாட்டேன். இது பூஞ்சை. சுகர் ஏறிக் கிடந்தா மூக்கு வழியா கண்ணு, மூளைன்னு பரவிடும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஒரு பல்லு புடுங்கத் துப்பில்ல, பயமுறுத்த மட்டும் தெரியுது!"

வேன்காரர் கத்தக் கத்த, இருவருமாகச் சேர்ந்து காரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

இரண்டு மாதம் கழித்து மனைவியோடு வந்து நின்றார் வேன்காரர். ஆபரேஷனில் மேல்தாடை பாதி போய்விட்டது. பேச்சு மூக்கால் வந்தது. ஆனால் கண்ணும் உயிரும் தப்பியிருந்தன.

"ரெண்டு நாள் தள்ளியிருந்தா கண்ணு போயிருக்கும்னாங்க. அன்னைக்குக் கத்தினதை மனசுல வச்சுக்காதீங்கய்யா."

"அட, விடுங்க."

"ஆனா ஒண்ணு. ரூமுக்குள்ள எதுக்கு கூலிங் கிளாஸ்?" என்று சிரித்தார் வேன்காரர்.

உள்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண் இருந்த இடத்தில் வெறும் தழும்பு.

"எனக்கும் ஒரு பல்லுதான் ஆடுச்சு. சுகர் இருந்தது எனக்கே தெரியாது. யாரும் கேக்கவும் இல்ல, புடுங்கி அனுப்பிட்டாங்க."

வேன்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தப் படுபாவி டாக்டர் அது?" வேன்காரர் கொதித்துப்போனார்.

"உஷ்... மெதுவா!" பெரியவர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "காதுல விழுந்துடப் போகுது. இந்தக் கண்ணைப் பார்த்தாலே அன்னைக்குப் பூரா அவ சாப்பிட மாட்டா."

உள்கதவு திறந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அடுத்தவங்களை அனுப்புங்க."