இரண்டே சொட்டு

“உங்ககூட மூட்டை தூக்க வர்றாரே ஒரு பெரியவர், அவரை இனிமே மலைக்கு அனுப்பக் கூடாது.”

எதைக் கேட்கவே கூடாதென்று அவளிடம் சத்தியம் வாங்கப்பட்டிருந்ததோ, அதை நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். இந்த மலையேற்ற அலுவலகத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்பதும் அந்தச் சத்தியத்தில் சேர்த்தி.

இஸ்திரி கலையாத சட்டையையும் தோள்பையையும் பார்த்த மேலாளர் சட்டென்று எழுந்தார். போன வாரம் மலையேறிய கூட்டத்தில் ஒருத்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“நாத்தம்தானே மேடம்? மேல போயிட்டா மூணு நாள் குளிக்க வழியில்ல. அதான் லாவண்டர், டீ ட்ரீன்னு நல்ல வாசனை எண்ணெயா வாங்கிக் குடுத்திருக்கோம். கெஸ்ட்டுங்க தடவிக்கிற அதே சரக்கு. இன்னொரு தடவை வேர்வை நாத்தம்னு யாராவது சொன்னா வேலை காலின்னும் சொல்லியாச்சு.”

பெருமையாக ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். அவள் அதைத் திருப்பிப் படித்தாள்.

“ரெண்டே சொட்டு. அதையும் தேங்காய் எண்ணெய்ல கலந்துதான் தடவணும். அப்படியே பூசினா தோல் வெந்துடும். எல்லாம் இங்கிலீஷ்ல போட்டிருக்கு. அவருக்கு யாரு படிச்சுச் சொன்னது?”

“அவன் பொண்ணு பட்டம் வாங்கினவளாம் மேடம். வாயைத் திறந்தா அந்தப் பீத்தல்தான். அவ சொல்லியிருப்பா.” மேலாளர் சிரித்தார்.

அவள் குப்பியைக் கீழே வைக்கவில்லை.

“யோவ், இங்க வாய்யா! உன்மேல கம்ப்ளெயின்ட் வந்திருக்கு” என்று மேலாளர் கிடங்குப் பக்கம் குரல் கொடுத்தார்.

பெரியவர் வருவதற்குள் லாவண்டர் வாசனை வந்துவிட்டது. மூட்டையின் வார் அழுந்தும் இடத்தில் சட்டை தோளோடு ஒட்டி ஈரமாய்க் கிடந்தது. அக்குளில் படாதபடி கைகளை அகட்டியே வைத்திருந்தார்.

வாசலிலேயே நின்று அவளை ஒரு முறை பார்த்தார். உடனே தரையைப் பார்த்தார்.

“மன்னிச்சுக்குங்க மேடம். இன்னும் நிறையப் பூசிக்கிறேன். வேலையை மட்டும் கெடுத்துடாதீங்க.”

“பாத்தீங்களா? தங்கமான ஆளு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க” என்றார் மேலாளர்.

அவள் குப்பியைக் குப்பைக்கூடையில் வீசினாள். வாசலுக்குப் போய், வலிக்காத இடமாகத் தேடி, அவருடைய விரல் நுனியைப் பிடித்தாள். அவர் உருவிக்கொள்ளப் பார்த்தார். விடாமல் அழைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

“போதும்ப்பா, நீ என்னை மேடம்னு கூப்பிட்டது. வா, நம்ம வீட்டுக்குப் போலாம்.”