தகரப் பெட்டியில் ஒரு ஆட்சேபணை

தேர்வுக் குழு அலுவலகத் தாழ்வாரத்தில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மாவட்டத் தேர்தல் ஆணைய உறுப்பினர் பதவிக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்களைப் பலகையில் ஒட்டி, அடியில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள். யாரைப் பற்றியும் எவரும் எழுதிப் போடலாம் என்பது இந்த வருடத்து விதி. யுஸ்னிதார் நுழையும்போதே கணவர் கண்ணில் படுகிறார். விடியலில் அவள் தேய்த்துக் கொடுத்த பாத்திக் சட்டை கசங்கக் கூடாதென்று, நாற்காலியில் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்து நேர்காணலுக்குக் காத்திருக்கிறார் ஷாஃப்ரில். பாவம், எத்தனை ஆசை இந்த மனிதருக்கு! "சாப்பாடு கொண்டாந்தியா?" என்று முகம் மலர்கிறார். "இல்லீங்க, உங்க மேல ஒரு ஆட்சேபணை." மடித்த தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். 'நல்லவர், கை சுத்தம். ஆனால் தேர்தலில் நிற்பவர் என் அண்ணன். எங்கள் மினாங் இனத்து வழக்கப்படி வீடு என் தாய்வழியது. அங்கே அண்ணன் சொல்தான் சட்டம். மீன் தலையை அண்ணன் தட்டில் வைத்த பிறகே இவர் சோற்றில் கை வைப்பார்.' அவர் நிமிர்கிறார். "இத வீட்லயே சொல்லியிருக்கலாமே?" "சொன்னா சரின்னுடுவீங்க. எதுக்கும் சரின்னுடுவீங்க. அதுதானே ஆட்சேபணையே!" அவர் தாளைத் திருப்பிப் பார்க்கிறார். "அடையாள அட்டை நகல் இல்லாம செல்லாதேம்மா." விண்ணப்பத்துக்குத் தேவைப்படுமென்று சட்டைப் பையில் வைத்திருந்த அவளுடைய அட்டை நகலை எடுத்து, தாளோடு சேர்த்து, தானே பெட்டியில் போடுகிறார். பிறகு வந்து உட்கார்ந்து, முதுகை நன்றாக நாற்காலியில் சாய்த்துக்கொள்கிறார்.